மாஸ்க்கா, பல் கருவியா, கத்தியா, ஊசியா?

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மைத்துனர் திருச்செங்கோட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். எங்கு போனாலும் காரில் போகிறவர். சாவியை அவர் மனைவி வாங்கி வைத்துக்கொண்டாராம். சங்ககிரிக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கண் அயர்ந்து நடுச்சாலைத் தடுப்பில் உரசியிருக்கிறார். ஆளுக்கு ஒன்றும் இல்லை. வண்டியின் வலப்பக்கம் முழுக்கக் கீறல்.

கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதில் தூக்கத்தில் மூச்சு எப்படி ஓடுகிறது என்று அளந்த ஒரு ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட்டும், அதைப் பார்த்த நான்கு மருத்துவர்களின் நான்கு யோசனைகளும் இருந்தன. நுரையீரல் மருத்துவர், மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் கருவியை வாங்கச் சொல்லியிருந்தார். காது மூக்கு தொண்டை மருத்துவர், உள்நாக்குப் பக்கம் ஆபரேஷன் செய்துவிடலாம் என்றாராம். பல் மருத்துவர் கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் கருவியைச் சொன்னார். சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவர், வாரம் ஒரு ஊசி போட்டு எடையைக் குறைத்தால் எல்லாம் அடங்கிவிடும் என்றார். ஐந்தாவது யோசனை என் மாமியாருடையது: "மல்லாந்து படுக்காதே, ஒருக்களித்துப் படு." அதை மட்டும் ஃபைலில் யாரும் எழுதி வைக்கவில்லை.

"மாமா, ஏழு வருடமாக மெஷின் போட்டுத் தூங்குகிறவர் நீங்கள். இதில் எது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றார். நான் ரிப்போர்ட்டைப் புரட்டி முடிப்பதற்குள் சோபாவில் சாய்ந்து தூங்கிவிட்டார். குறட்டை ஏறியது, இன்னும் ஏறியது, சட்டென்று அறுந்தது. நெஞ்சு எழும்பி எழும்பித் தாழ்கிறது, மூக்கில் காற்று இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினெட்டு விநாடி. பிறகு குக்கர் வெயிட்டைத் தூக்கியது போல ஒரு சத்தத்தோடு மூச்சு வந்தது. கண்ணைத் திறந்து, "சொல்லுங்கள் மாமா, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றார்.

நான் மருத்துவன் அல்ல. கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும் அதே நோய் (ஸ்லீப் ஆப்னியா) உள்ளவன் என்பதும், வாங்கிய பொருளைப் பற்றி முழுக்கப் படித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு என்பதும்தான் என் தகுதி. அன்று மத்தியானம் நாங்கள் இருவரும் உட்கார்ந்து போட்ட கணக்கை, இதே போன்ற ஃபைலோடு உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

கணக்கின் முதல் வரி, ரிப்போர்ட்டில் ஏ.எச்.ஐ. என்று போட்டிருக்கும் எண். தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு பத்து விநாடிக்குக் குறையாமல் நின்றுபோனது அல்லது நன்றாகத் தேய்ந்தது என்பதன் சராசரி அது. 5க்குக் கீழே இயல்பு; 15 வரை லேசானது; 30 வரை நடுத்தரம்; அதற்கு மேல் கடுமை. மைத்துனருக்கு 27. பெரும்பாலானவர்கள் இந்த இடத்திலேயே ரிப்போர்ட்டை மூடிவிடுகிறார்கள். நான் இரண்டாம் பக்கத்துக்குப் போனேன். மல்லாந்து கிடந்த நேரத்தில் 44, ஒருக்களித்துக் கிடந்த நேரத்தில் 11. இரவில் ஏறக்குறையப் பாதி நேரம் மல்லாந்து கிடந்திருக்கிறார். இரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு கட்டத்தில் 81 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது. ஒரே ஆளுக்குள் இரண்டு நோயாளிகள். மாமியார் சொன்னது காற்றில் போன பேச்சு இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

இளநீர்க் கடையில் இப்போது காகித ஸ்ட்ரா கொடுக்கிறார்கள் அல்லவா, பாதி குடிப்பதற்குள் அது நனைந்து தளர்ந்து, உறிஞ்ச உறிஞ்ச ஒட்டிக்கொள்ளும். தூக்கத்தில் தொண்டைக்கு நேர்வதும் அதுதான். விழித்திருக்கும்போது தசைகள் குழாயைத் திறந்து பிடித்திருக்கின்றன. தூங்கியதும் அவை தளர்கின்றன. உள்நாக்கும் மென்அண்ணமும் (வாயின் மேற்கூரையின் பின்பகுதி) தொங்குகின்றன, நாக்கு பின்னால் சரிகிறது, கழுத்துக் கொழுப்பு சுற்றிலும் அமுக்குகிறது. சிலருக்குக் கீழ்த்தாடையே சிறியது என்பதால் தொடக்கத்திலேயே இடம் குறைவு. ஒல்லியானவர்களுக்கும் இந்த நோய் வருவதற்கு அதுதான் காரணம். ஆசிய முகவாகு உள்ளவர்களுக்கு மேலைநாட்டினரைவிடக் குறைந்த எடையிலேயே இது வந்துவிடுகிறது.

இப்படிப் பார்த்தால் ஃபைலில் இருந்த யோசனைகள் எல்லாம் ஒரே ஸ்ட்ராவைத் திறந்து வைக்கும் வெவ்வேறு வழிகள். உள்ளிருந்து காற்றால் விரிப்பது, முன்னே இழுத்துப் பிடிப்பது, தொங்குவதை வெட்டித் தைப்பது, வெளியே அமுக்குவதைக் குறைப்பது, குழாயையே பக்கவாட்டில் திருப்பிப் போடுவது. எது உயர்ந்தது என்று கேட்டால் பதில் வராது. இவருடைய ஸ்ட்ரா எந்த இடத்தில் ஒட்டுகிறது, இவர் எதை விடாமல் செய்வார் என்று கேட்டால் வரும்.

சிபாப் முதலில். எல்லாக் கிளினிக்கிலும் முதலில் சொல்வது அதைத்தான், காரணத்தோடுதான் சொல்கிறார்கள். ஒரு சிறிய கருவி அறைக் காற்றை உறிஞ்சி, குழாய் வழியாக மூக்கில் பொருத்திய மாஸ்க்குக்குத் தொடர்ந்து அழுத்தத்தோடு அனுப்புகிறது. ஆக்சிஜன் எதுவும் இல்லை, வெறும் காற்று. காற்றே தூண் மாதிரி நின்று தொண்டையை விரித்துப் பிடிக்கிறது. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1980ல் இதை முதலில் செய்து பார்த்தார். வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்து உருவாக்கியது. அடுத்த ஆண்டு ஐந்து நோயாளிகளைப் பற்றி லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். அதுவரை கடுமையான நோயாளிகளுக்கு இருந்த வழி, கழுத்தில் துளை போட்டு மூச்சை அந்த வழியாக விடுவது. அந்தத் துளையை நினைத்துப் பார்த்தால் மாஸ்க் மேல் எனக்கு இருக்கும் கோபம் கொஞ்சம் குறையும்.

கோபம் உண்டு. ஏழு வருடப் பழக்கத்திலும் உண்டு. முதல் வாரம் நான் மாஸ்க்கைப் போட்டதும் மீசை வழியாகக் காற்று கசிந்து கண்ணில் அடித்தது. மீசையைக் குறைக்க மனமில்லாமல், மூக்குத் துளைகளில் மட்டும் பொருந்தும் சிறிய மாஸ்க்குக்கு மாறினேன். வாய் திறந்துவிட்டால் காற்று வாய் வழியே வெளியேறி, காலையில் நாக்கு அட்டை மாதிரி காய்ந்துகிடக்கும். ஈரப்பதம் தரும் தண்ணீர்த் தொட்டியை இணைத்த பிறகு அது அடங்கியது. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க்கைக் கடைக்காரர்கள் முதலில் எடுத்து நீட்டுவார்கள். அவசரப்பட்டு வாங்க வேண்டாம். பெரிய மாஸ்க்கில் கசிவு அதிகம், அழுத்தமும் கூட்ட வேண்டியிருக்கும், பாதியில் கைவிடுகிறவர்களும் அதிகம். மூக்கடைப்பு இருந்தால் மருத்துவரிடம் அதற்கு ஸ்பிரே வாங்கிச் சரிசெய்துவிட்டு மூக்கு மாஸ்க்கிலேயே முயன்று பார்ப்பது நல்லது.

கொசுவலைக்குள் குழாயைக் கொண்டுபோவது ஒரு கலை. கருவி வலைக்கு வெளியே ஸ்டூலில்; குழாய் தலைமாட்டில் மெத்தைக்கும் வலைக்கும் நடுவே; நுழையும் இடத்தில் ஒரு துணி கிளிப். மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று நின்று, மூக்கை யாரோ பொத்தியது போல விழிப்பு வரும். (ஆபத்து இல்லை, மாஸ்க்கில் துளைகள் உண்டு. ஆனால் அன்றைய தூக்கம் போய்விடும்.) ரயிலில் ஒருமுறை பக்கத்து பெர்த் பாட்டி என்னைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு முடியாதவரைத் தனியாக அனுப்பியிருக்கிறார்களே" என்று யாரிடமோ வருத்தப்பட்டார்.

இத்தனைக்கும் நான் அதை விடவில்லை. மூன்றாவது நாள் காலையில் தலைவலி இல்லாமல் எழுந்தேன். பத்து வருடத்துக்குப் பிறகு முதல் முறை. இரவில் மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழுந்துகொண்டிருந்தது ஒன்றாகக் குறைந்தது. என் ஏ.எச்.ஐ. 52. கருவியோடு 2, 3 என்று நிற்கிறது. எண்ணை இறக்குவதில் சிபாப்பை அடிக்க இன்னும் எதுவும் வரவில்லை. என்னைப் போல 30க்கு மேல் உள்ளவர்கள் வேறு எதையும் யோசிப்பதற்கு முன் இதை ஒழுங்காக முயன்று பார்க்க வேண்டும் என்பது என் முடிவு.

ஆனால் அதற்கு ஒரு பலவீனம். மாட்டியிருக்கும் நேரத்துக்குத்தான் வைத்தியம். 2016ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், ஏற்கெனவே இதயநோயோ பக்கவாதமோ வந்த 2,700க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்திருந்தார்கள். சிபாப் போட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை தெளிந்தது. இதயத்துக்கான பலன் மட்டும் வரவில்லை. அவர்கள் சராசரியாக ஒரு இரவில் 3.3 மணி நேரம்தான் மாட்டியிருந்தார்கள். ஏழு மணி நேரம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த ஆய்வு சொல்லாது. மூன்று மணி நேரம் போட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறது. இன்னொன்று: அதிகாலை மூன்று மணிக்கு மாஸ்க்கைக் கழற்றி வீசுகிறவர்கள் மிச்சப் பாதியைத்தான் இழக்கிறோம் என்று நினைக்கிறார்கள். கனவு வரும் தூக்கம் பெரும்பாலும் விடியலை ஒட்டித்தான் வருகிறது. தசைகள் மிகவும் தளர்வதும், மூச்சு அதிக நேரம் நிற்பதும் பலருக்கு அந்தத் தூக்கத்தில்தான்.

பல் மருத்துவர் சொன்ன கருவிக்கு இப்போது வருகிறேன். மேல் பல்லுக்கு ஒரு அச்சு, கீழ்ப் பல்லுக்கு ஒரு அச்சு, இரண்டையும் இணைத்துக் கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னே நிறுத்தும் திருகு. தாடை முன்னே வந்தால் நாக்கும் கூடவே வரும். மின்சாரம் வேண்டாம், சத்தம் இல்லை, சட்டைப் பையில் அடங்கும்.

இங்கேதான் என் கணக்குப் புத்தி வேலை செய்தது. மைத்துனரின் 27ஐ சிபாப் 3க்கு இறக்குகிறது என்று வையுங்கள், ஆனால் எட்டு மணி நேரத் தூக்கத்தில் நான்கு மணி நேரம்தான் மாட்டுகிறார். பாதி இரவு 3, பாதி இரவு 27, சராசரி 15. பல் கருவி 12க்குத்தான் இறக்குகிறது, ஆனால் ஏழு மணி நேரம் வாயில் இருக்கிறது என்றால் சராசரி 14. கிட்டத்தட்ட ஒன்றுதான். இது என் கற்பனைக் கணக்கு. ஆஸ்திரேலியாவில் இரண்டையும் ஒரே ஆட்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்து 2013ல் வெளியிட்ட ஆய்வு நிஜக் கணக்கைத் தருகிறது. சிபாப்பில் ஏ.எச்.ஐ. 4.5, பல் கருவியில் 11.1. ஆனால் சிபாப் போட்டது இரவுக்கு 5.2 மணி நேரம், பல் கருவி 6.5. ஒரு மாத முடிவில் இரத்த அழுத்தத்திலும் பகல் தூக்கத்திலும் இரண்டும் ஏறக்குறையச் சமம். பல் கருவிக்கான நேரம் அவரவர் வாயால் சொன்னது என்பதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ள வேண்டும். கருவி எண்ணுவதற்கும் ஆள் எண்ணுவதற்கும் வித்தியாசம் உண்டு என்பது வங்கியில் இருந்தவனுக்குத் தெரியும்.

இதை யார் வாங்கக் கூடாது? பல் ஆடுகிறவர்கள், ஈறு நோய் முற்றியவர்கள், பல் செட் வைத்திருப்பவர்கள், தாடை மூட்டில் வலி இருப்பவர்கள். பாக்கும் புகையிலையும் போட்டு வாய் சரியாகத் திறக்காதவர்களுக்கும் ஒத்துவராது. முதல் சில வாரம் எச்சில் ஒழுகும், காலையில் தாடை வலிக்கும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகச் சேராது. அந்தச் சேராமை பலருக்குக் காலை உணவுக்குள் சரியாகிவிடும். பல வருடம் போட்டவர்களுக்குப் பற்களின் சேர்க்கை நிரந்தரமாகவே கொஞ்சம் மாறக்கூடும். சுடுதண்ணீரில் போட்டுக் கடித்து வடிவம் செய்துகொள்ளும் மலிவான ரகம் ஆன்லைனில் கிடைக்கிறது. தாடை எவ்வளவு முன்னே போகிறது என்று அதில் யாரும் அளப்பதில்லை. அச்செடுத்துச் செய்த கருவியைக்கூட வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்த்தி, கடைசியில் அதை வாயில் மாட்டிக்கொண்டு மறுபடி ஒரு ஸ்லீப் ஸ்டடி செய்ய வேண்டும். குறட்டை நின்றதால் நோயும் போய்விட்டது என்று நினைப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. சத்தம் நின்றாலும் மூச்சு நிற்பது தொடரலாம்.

ஆபரேஷன் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் முன்தீர்ப்பு உண்டு, முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். உள்நாக்கையும் மென்அண்ணத்தின் ஓரத்தையும் வெட்டித் தைக்கும் முறை 1981லிருந்தே இருக்கிறது. சிபாப் கட்டுரை வந்த அதே ஆண்டு. சுமார் பாதிப் பேருக்குத்தான் போதிய பலன், அதுவும் சில வருடங்களில் தேய்வதுண்டு. இரண்டு வாரம் எச்சில் விழுங்குவதே தண்டனை. காரணம் புரியாததல்ல. நாக்கின் அடியில் அடைத்துக்கொள்கிறவருக்கு அண்ணத்தை வெட்டினால் என்ன பயன்? அதனால்தான் இப்போது நல்ல மருத்துவர்கள் மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, மூக்கு வழியாகக் கேமரா விட்டு, எந்த இடம் மூடுகிறது என்று நேரில் பார்த்த பிறகே கத்தியை எடுக்கிறார்கள். மைத்துனரிடம் அந்தச் சோதனையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆபரேஷன் தேதி மட்டும் பேசியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

காலம் மாறியிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அண்ணம், நாக்கு இரண்டையும் சேர்த்துச் செய்யும் புதிய முறையை ஆஸ்திரேலியாவில் சிபாப் ஒத்துக்கொள்ளாத 102 பேரிடம் சோதித்து 2020ல் வெளியிட்டார்கள். ஆபரேஷன் செய்தவர்களுக்கு ஏ.எச்.ஐ. 47.9லிருந்து 20.8க்கு இறங்கியது. பெரிய இறக்கம்தான். ஆனால் இறங்கி நின்ற இடம் இன்னும் நடுத்தர நோய். இரண்டு தாடை எலும்புகளையும் வெட்டி முன்னே நகர்த்தும் ஆபரேஷன் இதையெல்லாம்விட நன்றாக வேலை செய்கிறது. முகத்தோற்றமே மாறும் அளவுக்குப் பெரிய வேலை அது. நாக்கு நரம்பைத் தூண்டும் கருவியை மார்பில் பதிக்கும் முறை அமெரிக்காவில் 2014லிருந்து உண்டு. 126 பேரிடம் செய்த சோதனையில் ஏ.எச்.ஐ.யின் நடு எண் (பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் கீழ்) 29.3லிருந்து 9க்கு வந்தது. ஃபைலில் இருந்த நான்கு பேரில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கத்தி சரியான பதிலாக இருக்கும் இடங்களும் உண்டு. தொண்டையை அடைக்கும் அளவுக்கு டான்சில் பெருத்திருக்கும் பெரியவர்களுக்கு அதை எடுத்தாலே நல்ல மாற்றம் தெரியும். குழந்தைகள் குறட்டை விட்டு மூச்சுத் திணறினால் அவர்களுக்கு முதல் வைத்தியமே டான்சிலும் அடினாய்டும் எடுப்பதுதான். இந்தக் கட்டுரையில் உள்ள மற்ற எதையும் அவர்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். மூக்குத் தண்டு வளைந்திருந்தால் நேராக்குவது நோயைத் தீர்க்காது, மாஸ்க் போடுவதை எளிதாக்கும்.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. என் பாலிசி ஆபரேஷனுக்குப் பணம் கொடுக்கும், வீட்டுக்கு வாங்கும் சிபாப் கருவிக்குக் கொடுக்காது. நான் 48,000 ரூபாய் கையிலிருந்து கொடுத்தேன். மாஸ்க்கின் ரப்பர் பகுதியை மாற்றும் செலவு வருடந்தோறும் தனி. "மெஷினுக்குக் கைக்காசு, ஆபரேஷனுக்குக் கம்பெனிக் காசு" என்று மைத்துனரும் அன்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். யார் பணம் என்பது தொண்டைக்குத் தெரியாது என்றேன். பழைய மெஷின் ஒன்று பாதி விலைக்கு வருகிறது என்றார். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் உள்ளே இருந்த நுரை சிதையக்கூடும் என்று சொல்லித் தன்னுடைய பல மாடல்களைத் திரும்பப் பெற்றது. கைமாறி வரும் பழைய கருவி அந்தப் பட்டியலில் உள்ளதா என்று எண்ணை வைத்துப் பார்க்காமல் தொடக்கூடாது என்று சொன்னதும் அந்த யோசனையை விட்டுவிட்டார்.

ஊசிதான் இப்போது எல்லோர் வாயிலும். டிர்செபடைட் என்ற மருந்தை, உடல்பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு அமெரிக்கா 2024 டிசம்பரில் அனுமதித்தது. இந்த நோய்க்கென்று அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அதுதான். இந்தியாவில் 2025 மார்ச்சில் சர்க்கரைக்கும் உடல்பருமனுக்குமாக மௌன்ஜாரோ என்ற பெயரில் கடைக்கு வந்தது. சோதனையில் ஒரு வருடத்தில் ஏ.எச்.ஐ. 25 முதல் 29 வரை இறங்கியது. மைத்துனர் இதைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். "எனக்கு 27. 27 போனால் சுத்தமாக ஒன்றும் இருக்காதே மாமா" என்றார்.

கழித்தல் கணக்கு அப்படி வேலை செய்யாது. அந்தச் சோதனையில் இருந்தவர்கள் சராசரியாக ஏ.எச்.ஐ. 50ல் தொடங்கியவர்கள். உடல் நிறை எண் (எடையை உயரத்தோடு வைத்துப் போடும் கணக்கு) சராசரி 39. ஜப்பான் நீங்கலாக, அது 30க்குக் கீழே இருந்தால் சோதனையில் சேர்க்கவே இல்லை. மைத்துனர் 170 சென்டிமீட்டர், 84 கிலோ. எண் 29. அவரைப் போன்றவர்களை வைத்துச் செய்த ஆய்வு அல்ல அது. அவருக்கு ஊசி பலன் தராது என்று இதற்குப் பொருள் இல்லை. அந்த எண்ணை அப்படியே தனக்கு எழுதிக்கொள்ள முடியாது என்பதுதான் பொருள். நிறுத்தினால் எடை திரும்ப ஏறுகிறது என்பதும், குமட்டலும் வாந்தியும் பலருக்கு வருகிறது என்பதும் வேறு. சர்க்கரைக்காக எப்படியும் அதைப் போடப்போகிறார் என்றால் கூடுதல் லாபம். மூச்சுக்காக மட்டும், ஒரு வருடம் பொறுத்துப் பார்க்கலாம் என்பது, ஸ்டீயரிங்கில் தூங்கிய ஆளுக்குச் சரிவராது.

எடையை எப்படிக் குறைத்தாலும் எவ்வளவு கிடைக்கும்? அமெரிக்காவின் விஸ்கான்சினில் பல வருடம் ஆட்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு, பத்து சதவீதம் எடை குறைந்தால் ஏ.எச்.ஐ. சுமார் 26 சதவீதம் குறைவதாகச் சொன்னது. மைத்துனர் எட்டரை கிலோ குறைத்தால் 27 என்பது 20 ஆகும். நல்லதுதான், போதாது. எடைக் குறைப்பு எல்லா வைத்தியத்தோடும் கூட நடக்க வேண்டிய வேலை, எதற்கும் மாற்று இல்லை. இரவில் மது, தூக்க மாத்திரை இரண்டும் தொண்டையை இன்னும் தளர்த்தும் என்பதை அவரிடம் தனியாகச் சொன்னேன். என் மனைவி சமையலறைக்குப் போன சமயம் பார்த்து.

தொண்டைத் தசைக்கான பயிற்சிகளும் உண்டு. சுவிட்சர்லாந்தில் 25 பேரை எடுத்து, அவர்களில் 14 பேரை மட்டும் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் நீண்ட மரக்குழலான டிஜரிடூவை நான்கு மாதம் ஊத வைத்துப் பார்த்து, பகல் தூக்கமும் ஏ.எச்.ஐ.யும் குறைந்ததாக 2006ல் எழுதினார்கள். மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே வாயால் இடைவிடாமல் ஊதும் வித்தை அது. நம் நாதஸ்வர வித்வான்களின் தொண்டையையும் யாராவது அளந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. மூக்குக்கு கிளிப், வாய்க்கு ஒட்டும் பிளாஸ்திரி என்று விளம்பரத்தில் வருபவற்றைத் தாண்டிப் போய்விடலாம்.

மிச்சம் மாமியார் வைத்தியம். மல்லாந்தால் 44, ஒருக்களித்தால் 11 என்ற ஆளுக்கு அது வைத்தியமேதான். பனியனின் முதுகில் பை தைத்து டென்னிஸ் பந்தைப் போட்டுக்கொள்வது பழைய முறை. புரண்டால் பந்து உறுத்தும். சில மாதங்களில் பெரும்பாலானவர்கள் பந்தைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். நெஞ்சில் கட்டிக்கொண்டால் மல்லாக்கும்போது அதிரும் சிறிய கருவிகள் இப்போது உண்டு, அவற்றைக் கொஞ்சம் கூடுதல் காலம் பொறுத்துக்கொள்கிறார்கள். ஆனால் 11 என்பதும் நோய்தான். கூட இன்னொன்று வேண்டும்.

என் மைத்துனருக்குச் சொந்தமாக ஒரு போர்வெல் ரிக் வண்டி. ஆயுத பூஜை முடிந்ததும் வண்டி ஒடிசாவுக்கோ சத்தீஸ்கருக்கோ கிளம்பும். இவரும் கூடப் போய் மாதக்கணக்கில் அங்கேயே கிடப்பார். கூடாரத்தில் படுக்கை, பத்து மணிக்கு ஜெனரேட்டர் அணைந்துவிடும், காற்றெல்லாம் துளையிட்ட கல்லின் மாவு. சிபாப் ஃபில்டர் அங்கே எத்தனை நாள் வெள்ளையாக இருக்கும்? ஃபைலில் எழுதிய நான்கு பேரும் அவர் இரவில் எங்கே படுக்கிறார் என்று கேட்கவே இல்லை. இந்த நோய்க்கு அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மழைக்காலத்தில் வண்டி ஊரில்தான் நிற்கும். அதனால் முதலில் ஒரு மாதம் சிபாப்பை வாடகைக்கு எடுக்கச் சொன்னேன். வாங்கச் சொல்லவில்லை. முப்பது இரவில் இருபத்தாறு இரவு போட்டார். சராசரி ஐந்து மணி பத்து நிமிடம். எண் 3க்கு வந்தது. இரண்டாம் வாரம் போனில் பேசும்போது, மத்தியானம் சாப்பிட்ட பிறகு விழித்திருப்பது எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது என்றார். நல்ல மூச்சு எப்படி இருக்கும் என்று உடம்புக்கு ஒருமுறை தெரிந்துவிட்டால், அடுத்து எதைப் போட்டாலும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். மாதம் முடிந்ததும் அதே கருவியை வீட்டுக்கென்று வாங்கிக்கொண்டார்.

கேம்புக்குப் பல் கருவி. அவர் பற்கள் உறுதியானவை, தாடை முன்னே நன்றாக வருகிறது, நோய் நடுத்தரம், மல்லாந்தால்தான் அதிகம். பல் கருவி நன்றாக வேலை செய்கிறவர்களின் அடையாளங்கள் பெரும்பாலும் அவரிடம் இருந்தன. முதல் வாரம் எச்சில் தலையணையில் கோலம் போட்டது என்றார். மூன்று வாரத்தில் இரண்டு முறை திருகினார்கள். முதுகுக்குப் பந்து வேண்டாம், பக்கத்தில் உருட்டுத் தலையணை போதும் என்று மாமியாரே தைத்துக் கொடுத்துவிட்டார். ஆபரேஷன் தாளையும் ஊசித் தாளையும் ஃபைலில் கடைசிக்கு நகர்த்தி வைத்திருக்கிறார், கிழிக்கவில்லை.

பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது பல் கருவியை மாட்டிக்கொண்டு இரண்டாவது ஸ்லீப் ஸ்டடி. நாள் வாங்கிவிட்டோம். அந்த எண்ணைப் பார்க்கும் வரை கார் சாவி அவர் மனைவியிடம்தான் இருக்கும்.